ஓடாத வண்டிக்கு எதுக்கு ஆயில்?

பானெட்டைத் தூக்கியதும் மெக்கானிக் அண்ணன் வேறு எதையும் தொடவில்லை. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்தார், கவிழ்த்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஆறிப்போன டீயில் ஏடு கட்டுமே, அந்த நிறத்தில் மூடியின் அடியில் ஒரு பசை. ஆள்காட்டி விரலால் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார். வெண்ணெய் மாதிரி வந்தது.

"தம்பி, ஆயில் மாத்தி எத்தினி மாசம் ஆவுது?"

"மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தாண்ணா ஓடியிருக்கு."

"நான் கிலோமீட்டரு கேக்கல."

கூட வந்திருந்த அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "வண்டி ஓடவே இல்லையேப்பா. ஓடாத வண்டிக்கு எதுக்கு ஆயில்?" என்றார். முப்பத்தைந்து வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். கேள்வி கேட்டால் வகுப்பே அடங்கிவிடும். அண்ணன் அடங்கவில்லை.

"சட்டியில வெச்ச மோரு எங்க வாத்தியாரே ஓடுது? அது புளிக்கலையா?"

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அன்றைக்கு வண்டியில் 34,600 கி.மீ. ஓடியிருந்தது. முன்பக்கக் கண்ணாடி மூலையில் ஒட்டியிருந்த சீட்டில் 'அடுத்த சர்வீஸ் 41,400' என்று எழுதியிருந்தது. அதாவது போன முறை ஆயில் மாற்றியது 31,400-இல். இடையில் 26 மாதம். அந்தச் சீட்டில் தேதிக்கும் ஒரு கட்டம் இருந்தது, அதை யாரும் நிரப்பவில்லை, நாங்களும் கேட்கவில்லை. 'பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது' என்பதுதான் எங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும் வாக்கியம். எங்கள் வீட்டில் அதன் முதல் பாதியை மட்டும் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தோம்.

வண்டி ஒரு சின்ன பெட்ரோல் கார், 2016-இல் வாங்கியது. நான் வெளியூரில் வேலையில் இருந்ததால் அது தர்மபுரியில் முழுக்க அப்பாவின் கையில். காலையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு உழவர் சந்தை. சாயங்காலம் குமாரசாமிப்பேட்டை முருகன் கோயில். நடுவில் மருந்துக் கடை, வங்கி, நாலு ரோட்டில் யாராவது பழைய மாணவன். எதுவும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இல்லை. ஆறேழு நிமிஷத்தில் போய் நிறுத்தி, அரை மணி கழித்து எடுத்து, மறுபடி ஆறேழு நிமிஷம். அம்மா காய் வாங்கி வரும்வரை வெயிலுக்கு ஏசி போட்டபடி இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பதும் உண்டு. இதைத்தான் நாங்கள் 'ஓடாத வண்டி' என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

பசையைக் காட்டிய கையோடு அண்ணன் அடுத்து இன்ஜினைக் குளிர்விக்கிற கூலண்ட் பாட்டிலைப் பார்த்தார். அளவு குறைந்திருக்கிறதா, அதில் எண்ணெய் மிதக்கிறதா என்று. இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருந்தாலும் கூலண்ட் ஆயிலில் கலந்து மூடியில் இதே பசை வரும், அப்படியென்றால் செலவு வேறு கணக்கு. நல்லவேளை, கூலண்ட் சுத்தமாக, குறையாமல் இருந்தது. அப்படியானால் ஆயிலோடு கலந்து இந்தப் பசையை உண்டாக்கிய தண்ணீர் வேறெங்கிருந்து வந்தது?

பெட்ரோலிலிருந்துதான். எனக்கு அதுவரை இது உறைத்ததில்லை. பெட்ரோல் எரியும்போது அதில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர். ஆவியாகப் பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடுகிறது, அதிகாலையில் வண்டி எடுத்தால் சைலன்சர் நுனியில் சொட்டுவது அதுதான். ஆனால் பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாகக் கொஞ்சம் கீழே ஆயில் இருக்கும் சம்ப்புக்கும் இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடானால் அது மறுபடி ஆவியாகி, அதற்கென்று இருக்கிற குழாய் வழியே இழுக்கப்பட்டு, புகையோடு வெளியேறிவிடும். சூடாகவில்லையென்றால் அங்கேயே தங்கும். கூடவே எரியாத பெட்ரோலும் கொஞ்சம் இறங்கும். ஆறிய இன்ஜினுக்கு முதல் சில நிமிஷம் பெட்ரோல் கூடுதலாகத்தான் போகிறது.

இதில் ஏமாற்றுகிற ஒரு விஷயம், டேஷ்போர்டில் இருக்கும் வெப்பமானி. அது காட்டுவது கூலண்டின் சூட்டை. கூலண்ட் சீக்கிரம் சூடாகிவிடும். ஆயில் நிதானமாகத்தான் சூடேறும். முள் நடுவுக்கு வந்தபிறகும் ஆயில் நல்ல சூட்டுக்கு வர இன்னும் பத்துப் பதினைந்து நிமிஷம் ஓட வேண்டும். அப்பாவின் பயணம் அதற்குள் முடிந்து, வண்டி கோயில் வாசலில் நின்றுகொண்டிருக்கும்.

அன்றிரவு அப்பா தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு மோர் உவமையெல்லாம் போதாது, எண் வேண்டும். அதற்கு ஒரு வழியை என் மாமனார் ஏற்கெனவே காட்டியிருந்தார். பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறவர். அவருடைய டிராக்டரில் கிலோமீட்டர் கணக்கே கிடையாது, மணிக்கணக்குக் காட்டும் மீட்டர்தான். 250 மணி நேரம் ஆனால் ஆயில் மாற்றுவார். உழுதாலும் சரி, நின்ற இடத்தில் பம்ப்பு ஓட்டினாலும் சரி, இன்ஜினுக்கு எல்லாம் வேலைதான்.

அதே கணக்கைக் காருக்குப் போட்டார் அப்பா. என் தங்கச்சி வீட்டுக்காரர் ஓசூரில் வேலை, வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு வந்து போகிறவர். ராயக்கோட்டை, பாலக்கோடு வழியில் ஒரு தடவைக்குத் தொண்ணூறு கி.மீ.க்குப் பக்கம். சராசரி 65 வேகம் என்று வைத்தால் 10,000 கி.மீ. ஓட 150 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். எங்கள் வண்டி சராசரி 16 வேகத்தில், நின்றபடி ஓடியதையும் சேர்த்து, 3,200 கி.மீ. ஓட 200 மணி நேரம்! மாப்பிள்ளை பத்தாயிரம் ஓட்டும்போது ஆறிய இன்ஜினை நூற்றுச் சொச்சம் தடவை ஸ்டார்ட் செய்கிறார். அப்பா மூவாயிரத்துக்கு ஆயிரத்து அறுநூறு தடவை. தாளைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப, ஓடுனது நம்ம வண்டிதான்" என்றார்.

கையேட்டை நான் அப்போதுதான் கடைசிவரை படித்தேன். பின்பக்கம் இன்னொரு அட்டவணை இருக்கிறது: கடுமையான பயன்பாடு. அதில் என்னவோ இமயமலை, பாலைவனம் என்று இருக்கும் என்று நினைத்தால், குறுகிய தூரம் அடிக்கடி ஓட்டுவது, தூசி நிறைந்த சாலை, நின்றபடி நீண்ட நேரம் இன்ஜினை ஓடவிடுவது, பாரம் இழுப்பது என்று இருக்கிறது. இந்தப் பட்டியலில் இல்லாத வண்டி நம் ஊரில் எது என்று தேட வேண்டும். அதற்கு எங்கள் வண்டிக்குக் கொடுத்திருந்த கணக்கு 5,000 கி.மீ. அல்லது 6 மாதம். சரி பாதி.

இங்கே ஒரு பழைய சண்டையைச் சொல்லிவிட வேண்டும். ஊர் மெக்கானிக்குகள் ஐயாயிரம் என்பார்கள், கம்பெனி பத்தாயிரம் என்கிறது. வாரண்டி முடிந்ததும் இன்ஜின் போகட்டும் என்றுதான் கம்பெனி அப்படிச் சொல்கிறது என்று டீக்கடையில் ஒருவர் சத்தியம் செய்தார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஐயாயிரம் என்பது கார்புரேட்டரும் சோக்கும் இருந்த அம்பாசிடர் காலத்துக் கணக்கு. அன்றைக்கு மினரல் ஆயில்தான். பெட்ரோல் தாறுமாறாக எரியும், கந்தகமும் அதிகம். கந்தகம் எரிந்தால் ஈரத்தோடு சேர்ந்து அமிலம். அதை முறிக்கத்தான் ஆயிலில் காரச்சத்து சேர்க்கிறார்கள், அது தீர்ந்தால் ஆயில் தீர்ந்தது. இப்போது பெட்ரோல் இன்ஜெக்டர் வழியே அளந்து போகிறது. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 என்கிற மாசுக் கட்டுப்பாட்டுத் தரத்தின்படி பெட்ரோல், டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது, அதற்கு முந்தைய பி.எஸ்.4-இல் அது 50. சிந்தெட்டிக் ஆயில் சூட்டில் சீக்கிரம் கெட்டியாவதில்லை. ஆக, மாப்பிள்ளை மாதிரி நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவருக்குப் பத்தாயிரம் ஏமாற்று இல்லை. அவர் ஐயாயிரத்தில் மாற்றினால் நல்ல ஆயிலைக் கீழே ஊற்றுகிறார், அவ்வளவுதான்.

ஆனால் அவரிடம் வேறு ஒரு பழக்கம். ஆயில் அளவு காட்டும் கம்பியை, அதாவது கேஜை, உருவிப் பார்க்கவே மாட்டார். போன வருஷம் தோப்பூர் கணவாய் ஏறி வரும்போது, மே மாத மத்தியானம், குடும்பமே உள்ளே, முன்னால் இரண்டு லாரி ஊர்ந்துகொண்டிருக்க, வளைவில் ஆயில் விளக்கு ஒரு தடவை மினுக்கி அணைந்திருக்கிறது. கண்டுகொள்ளாமல் வீடு வந்து சேர்ந்தார். கேஜை உருவினால் கீழ்க்கோட்டுக்கும் கீழே நுனியில் மட்டும் ஈரம். ஆயில் கெடவில்லை, தீர்ந்திருந்தது. கொஞ்சம் ஆயில் குடிப்பது பழைய இன்ஜினுக்கு இயல்பு. பல கார்களில் கேஜின் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவே ஒரு லிட்டர் அளவுதான். சம்ப்பில் இருப்பதே மூன்று, நாலு லிட்டர். விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி நிறுத்துவதைத் தவிர வேறு வழியே இல்லை, அது சர்வீஸை நினைவூட்டுகிற விளக்கில்லை. எத்தனை ஆயிரத்தில் மாற்றுவது என்று மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள், மாதம் ஒரு தடவை சமதரையில் நிறுத்தி, ஐந்து நிமிஷம் கழித்து கேஜைத் துடைத்துப் பார்த்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

கேஜில் நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்களும் உண்டு. கறுத்துவிட்டது, மாற்று என்பார்கள். ஆயிலில் அழுக்கைப் பிடித்து மிதக்கவைக்கும் சரக்கு சேர்த்திருக்கிறது. அது வேலை செய்தால் கறுக்கத்தான் செய்யும். டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிச் சில நாளிலேயே கரிதான். எங்கள் வண்டியில் கேஜில் பார்த்தபோது ஆயில் தேன் நிறத்தில்தான் இருந்தது. மூடியைத் திறந்திருக்காவிட்டால் தெரிந்தே இருக்காது.

கிருஷ்ணகிரிப் பக்கம் இன்னொரு கதை. அங்கே கிரானைட் குவாரிகள் இருப்பது தெரிந்ததே. என் நண்பன் ஒருவன் பர்கூர் பக்கம் குவாரியில் மேற்பார்வை. டீசல் வண்டி, நாள் முழுக்க வெள்ளைத் தூசிக்குள் அலைகிறது. அவன் ஆயிலை ஐயாயிரத்துக்கு ஒரு தடவை தவறாமல் மாற்றுவான், ஏர் ஃபில்டரை மறந்துவிடுவான். கல் தூசியில் இருப்பது சிலிக்கா, உரசினால் இரும்பையே தேய்க்கும். ஏர் ஃபில்டரில் ஓட்டை விழுந்தால் அது நேரே சிலிண்டருக்குள் போய், ரிங்கைத் தேய்த்து, ஆயிலில் கலந்து, சாணை பிடிக்கிற கலவையாகிவிடும். எவ்வளவு நல்ல ஆயிலானாலும் அதற்கு மருந்தில்லை. அவனிடம் நூறு தடவை சொல்லியாயிற்று.

சரி, எங்கள் வண்டிக்கு வருவோம். இன்ஜினின் தலையை மூடியிருக்கும் டேப்பட் கவரைக் கழற்றிப் பார்த்தார் அண்ணன். உள்ளே பழுப்பு நிறத்தில் வார்னிஷ் அடித்தது போல ஒரு படலம், மூலைகளில் கொஞ்சம் மண்டி. பயந்த அளவுக்கு இல்லை. 'இன்ஜின் ஃபிளஷ்' என்று ஒரு டப்பாவை ஊற்றி ஓடவிட்டால் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும் என்று வேறொரு இடத்தில் சொல்லியிருந்தார்கள். அண்ணன் தலையாட்டவில்லை. மண்டி மொத்தமாகப் பெயர்ந்து ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்தால் கதை முடிந்தது என்பது அவர் கட்சி. எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. புது ஆயில், புது ஃபில்டர் போட்டு, ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி இரண்டையும் மாற்றச் சொன்னார். ஆயிலே மெதுவாகக் கழுவட்டும் என்றார்.

என்ன ஆயில் என்பதில்தான் அவரும் நானும் மோதினோம். "நம்மூரு வெயிலுக்குக் கெட்டியா ஊத்தணும் தம்பி, இருபது டபிள்யூ ஐம்பது போடலாம்" என்றார். கையேட்டில் இருப்பதோ ஐந்து டபிள்யூ முப்பது. டபிள்யூக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் எவ்வளவு சுலபமாகப் பாயும் என்பது. பின்னால் இருப்பது 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டி என்பது. தர்மபுரி வெயில் நாற்பது டிகிரி என்றாலும் இன்ஜினுக்குள் ஆயில் நூறு டிகிரிக்குப் பக்கம், ஓசூர் மார்கழிக் குளிரிலும் ஓடி முடித்தால் ஏறக்குறைய அதே நூறுதான். வெளியே அடிக்கிற வெயிலுக்கு உள்ளே பெரிய மரியாதை கிடையாது. இப்போதைய இன்ஜின்களில் ஆயில் போகிற துவாரங்கள் பொடிசு, காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் வரைக்கும் சட்டென்று ஏற வேண்டும். அப்பா மாதிரி நாளுக்கு இரண்டு தடவை ஆறிய இன்ஜினை எடுப்பவருக்குக் கெட்டி ஆயில் எதிரி. அண்ணன் முணுமுணுத்தார், ஆனால் ஐந்து டபிள்யூ முப்பதே ஊற்றினார். ரிங் தேய்ந்து ஆயில் குடிக்கிற பழைய வண்டிக்கு அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. எங்கள் வண்டி அந்த வயதுக்கு வரவில்லை.

வேலையை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். வண்டியை முதலில் ஒரு சுற்று ஓட்டி வந்து, ஆயில் வெதுவெதுப்பானதும் டிரெய்ன் நட்டைக் கழற்றினார். முதலில் கறுப்பாக ஒரு கயிறு போல விழுந்தது, பிறகு மெலிந்து, கடைசியில் சொட்டுச் சொட்டாக. தேன் நிறம் கேஜில் மட்டும்தான். அவசரப்படாமல் பத்து நிமிஷம் சொட்டவிட்டார். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தொட்டுத் தடவி, கையாலேயே திருகி, ரப்பர் தொட்டபிறகு முக்கால் சுற்று. ஸ்பேனர் வைக்கவில்லை. நட்டுக்குப் புது வாஷர். அதற்குப் பத்து ரூபாய்தான், ஆனால் அந்தப் பத்து ரூபாயை மிச்சம் பிடித்த ஒரு கடையில் எங்களுக்கு முன்பு நேர்ந்தது வேறு. பழைய வாஷரையே போட்டு, கசியாமல் இருக்க நீளக் கம்பி மாட்டி இறுக்கியிருந்தார்கள். அடுத்த முறை கழற்றும்போது மரையே கூடச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டது. வாசலில் அம்மா கோலம் போடும் இடத்துக்குப் பக்கத்தில் தினமும் எட்டணா அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். லேத் பட்டறையில் புது மரை போட்டுத்தான் அது நின்றது. ஆயில் மாற்றுவதில் ஆபத்தான பகுதி ஆயில் இல்லை, நட்டு.

ஊற்றி முடித்ததும் காலி டின்னை என்னிடம் காட்டி, ஆக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்தார். முழு டின்னாகப் போனால் அதில் எதையாவது நிரப்பி, சீல் ஒட்டி, திரும்பவும் கடைக்கே வரும் என்றார். அடிப்பாதி நட்டு போல்ட் போட்டு வைக்க. வடித்த பழைய ஆயிலை ஒரு கேனில் ஊற்றினார். "சென்ட்ரிங் காரங்க வந்து எடுத்துக்குவாங்க, பலகைக்குத் தடவ." சட்டப்படி அது அபாயக் கழிவு, சுத்திகரிப்புக்குப் போக வேண்டிய சரக்கு. கையில் தடவிக்கொண்டே இருந்தால் தோலுக்கும் ஆகாது. சொன்னேன். "அதை வந்து வாங்கிக்கறவன் யாருன்னு காட்டு தம்பி, இனாமாவே குடுக்கறேன்" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அண்ணன் சொன்னபடி அந்த இரண்டு தடவையும் மாற்றியாகிவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேட்கிற டக்டக் சத்தம் குறைந்திருக்கிறது. இப்போது எங்கள் கணக்கு ஆறு மாதம், ஓடியது எவ்வளவானாலும். தைப்பூசத்துக்கு ஒன்று, ஆடிக்கு ஒன்று. ஆயிலும் ஃபில்டரும் கூலியும் சேர்த்து ஒரு தடவைக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். அப்பா பழைய மதிப்பெண் நோட்டு ஒன்றில் தேதி, கி.மீ., கேஜ் அளவு என்று மூன்று பத்தி போட்டு எழுதுகிறார். கி.மீ. பத்தியை இரண்டாவதாகத்தான் வைத்திருக்கிறார்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை வழக்கம் ஒன்று வந்திருக்கிறது. ஆயில் சூடேற வேண்டும் என்று சொல்லி அம்மாவை ஏற்றிக்கொண்டு காரிமங்கலம் தாண்டி, காவேரிப்பட்டணத்தில் ஒரு டீ, ஒரு பொட்டலம் நிப்பட்டு, அப்படியே கே.ஆர்.பி. அணை வரை போய்த் திரும்புகிறார். மூடியின் அடியில் இப்போது பசை இல்லை, நான் போகும்போதெல்லாம் திருகிப் பார்க்கிறேன். போன வாரம் அம்மா போனில் சொன்னாள்: "ஆயிலுக்காம், ஆயிலுக்கு. அணைகிட்ட வறுக்கறாங்களே மீனு, அதுக்குத்தான் இந்த மனுஷன் போறது."